ஊமைப்பட ஸ்டுடியோ என்றால் என்ன? புரசைவாக்கத்திலிருந்து ஒரு தொடக்க விளக்கம்

ஸ்டுடியோ என்ற சொல்லைக் கேட்டவுடன் சென்னைவாசி எவருக்கும் வடபழனியும் கோடம்பாக்கமும்தான் நினைவுக்கு வரும். உயரமான மதில், வாசலில் காவலாளி, உள்ளே எண்ணிட்ட படப்பிடிப்புத் தளங்கள், சன்னலே இல்லாத சுவர்கள், உச்சியில் வரிசை வரிசையாகத் தொங்கும் விளக்குகள் என்று ஒரு சித்திரம் நம் மனத்தில் படிந்துவிட்டது. ஊமைப்படக் காலத்து ஸ்டுடியோவைப் புரிந்துகொள்ள விரும்புபவர் இந்தச் சித்திரத்தை முழுவதுமாக அழித்துவிட்டுத் தொடங்குவது நல்லது. அந்த ஸ்டுடியோவுக்குக் கூரை இருக்கவில்லை. இருந்தால் அது கண்ணாடியாலோ துணியாலோ ஆனதாக இருந்தது. சுவர்கள் இரண்டோ மூன்றோதான். அது அமைந்திருந்த இடமும் கோடம்பாக்கம் அன்று; புரசைவாக்கமும் அதை ஒட்டிய மில்லர்ஸ் சாலையும்.

புரசைவாக்கம் வட சென்னையைச் சேர்ந்ததா, மத்திய சென்னையைச் சேர்ந்ததா என்ற வழக்கு ஓயாதது. ஓட்டேரியிலும் பெரம்பூரிலும் வளர்ந்த எங்களைப் பொறுத்தவரை, தீபாவளித் துணி எடுக்க நடந்தே போய்வரும் தூரத்தில் உள்ள இடம் எங்கள் இடம்தான் என்பதால், இந்தக் கட்டுரை அதை வட சென்னையாகவே கொள்கிறது.

பேச்சே இல்லாத படத்துக்கு ஸ்டுடியோ எதற்கு என்பது தொடக்கநிலை வாசகர் கேட்கக்கூடிய நியாயமான கேள்வி. ஒலிப்பதிவு இல்லையென்றால் தெருவிலேயே, கோயில் வாசலிலேயே, கடற்கரையிலேயே படமெடுத்துவிடலாமே என்று தோன்றும். அப்படியும் எடுத்தார்கள். ஆனால் ஒரு கதையை 5 வாரங்களுக்கு மேல் தொடர்ந்து எடுக்க வேண்டுமென்றால், காற்றில் அசையாத திரைச்சீலை, மழைக்கு நனையாத ஒப்பனை அறை, வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேராத வளாகம், படச்சுருளை வைத்துப் பூட்ட ஓர் இருட்டறை ஆகியவை வேண்டும். இவை அனைத்துக்கும் மேலாக ஒரே சீரான வெளிச்சம் வேண்டும். ஊமைப்பட ஸ்டுடியோ என்பது அடிப்படையில் வெளிச்சத்தைச் சீர்செய்யும் பட்டறை. மற்ற வசதிகளெல்லாம் அந்த ஒரு தேவையைச் சுற்றி வந்து சேர்ந்தவை என்பதே இக்கட்டுரை சொல்ல விரும்புவது.

அக்காலப் படச்சுருளின் உணர்திறன் இன்றைய அளவோடு ஒப்பிட்டால் மிகவும் குறைவு. வீட்டுக்குள் சன்னலோரம் நின்றால் நம் கண்ணுக்குப் போதுமான வெளிச்சமாகத் தெரிவது, அந்தச் சுருளுக்கு ஏறக்குறைய இருட்டு. அந்த இருட்டைப் போக்கவல்ல மின்விளக்குகள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வரத் தொடங்கியிருந்தாலும், அவற்றை வாங்கவும், அவற்றுக்கான மின்சாரத்தைப் பெறவும் சென்னையில் படமெடுத்தவர்களுக்கு வசதி இருக்கவில்லை. எனவே சூரியனை நம்பியே தொழில் நடந்தது. இது நம் ஊருக்கு மட்டும் நேர்ந்த நிலையும் அன்று. எடிசனின் நிறுவனத்தினர் 1893ஆம் ஆண்டு நியூ ஜெர்சியில் அமைத்த 'பிளாக் மரியா' என்ற படப்பிடிப்புக் கூடம், தார்த்தாள் போர்த்திய ஒரு கறுப்புக் கொட்டகை. அதன் கூரையில் ஒரு பகுதியைத் திறக்க முடியும். வட்டமான தண்டவாளத்தின் மேல் நின்ற அந்தக் கூடத்தையே சூரியன் நகர நகரத் தள்ளித் திருப்பிக்கொண்டிருந்தார்கள். பிரான்சில் ஜார்ஜ் மெலியே 1897ஆம் ஆண்டு பாரிசுக்கு அருகிலுள்ள மோந்த்ரேயில், செடி வளர்க்கும் கண்ணாடி வீட்டைப் போல, கூரையும் சுவரும் கண்ணாடியாலான ஒரு கூடத்தைக் கட்டினார்.

குளிர்நாட்டில் வெளிச்சத்தைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது என்றால், சென்னையில் சிக்கல் நேர் எதிரானது. இங்கே வெயிலுக்குப் பஞ்சமில்லை. அதன் முரட்டுத்தனம்தான் தொல்லை. உச்சிவேளைச் சூரியன் நேர் மேலிருந்து விழும்போது புருவத்தின் நிழல் கண்களை மூடிவிடும்; மூக்கின் நிழல் மேலுதட்டின் மேல் மீசை போல விழும்; கிரீடம் அணிந்த அரசனுக்கோ முகமே இருக்காது. பேச்சில்லாத படத்தில் நடிகர் தம் உணர்ச்சியைச் சொல்லக் கண்ணையும் வாயையும் விட்டால் வேறு கருவி இல்லை என்பதை எண்ணிப் பார்த்தால், அந்த நிழல் எவ்வளவு பெரிய இழப்பு என்பது விளங்கும். இதற்குக் கண்ட தீர்வு எளியது. அரங்கத்தின் தலைக்கு மேலே மெல்லிய வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டினார்கள். துணியில் பட்ட வெயில் சிதறி, எல்லாத் திசையிலிருந்தும் மென்மையாக இறங்கும். கறுத்த நிழல் மறைந்துவிடும். கல்யாண வீட்டுப் பந்தலின் கீழ், வெளியே வெயில் கொளுத்தும்போதும், முகங்கள் பளிச்சென்று தெரிவதைக் கவனித்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அந்த அளவில், சென்னையின் முதல் ஸ்டுடியோ ஒரு பந்தல்தான்.

அந்தப் பந்தலைப் போட்டவர் ஆர். நடராஜ முதலியார். 1885ஆம் ஆண்டு பிறந்த வேலூர்க்காரரான இவர் நாடகத்திலிருந்தோ புகைப்படத்திலிருந்தோ சினிமாவுக்கு வந்தவர் அல்லர். மிதிவண்டி வாணிகத்தில் தொடங்கி, மோட்டார் வண்டிகளும் உதிரிபாகங்களும் விற்ற வியாபாரி. தாதாசாகேப் பால்கேயின் படங்களைக் கண்டு ஏற்பட்ட ஆசையில், ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஒளிப்பதிவாளரிடம் புனேயில் கேமராவைக் கையாளக் கற்றுக்கொண்டார். பிறகு வில்லியம்சன் நிறுவனத்தின் 35 மி.மீ. கேமரா ஒன்றையும், பிரதி எடுக்கும் பொறி ஒன்றையும் வாங்கிக்கொண்டு, முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில் மில்லர்ஸ் சாலையில் ஒரு பங்களாவை எடுத்து 'இந்தியா ஃபிலிம் கம்பெனி'யைத் தொடங்கினார். தென்னிந்தியாவின் முதல் திரைப்பட ஸ்டுடியோ என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுவது இதைத்தான்.

ஒரு பங்களா எப்படி ஸ்டுடியோ ஆயிற்று என்பதை விளங்கிக்கொள்ள, அக்காலத்துப் புரசைவாக்கம், கீழ்ப்பாக்கம் பகுதிகளை மனக்கண்ணில் காண வேண்டும். கோட்டைக்கும் ஜார்ஜ் டவுனுக்கும் வெளியே, பெரிய தோட்டங்களின் நடுவே வீடுகள் நின்ற பகுதி அது. தோட்டத்தின் திறந்தவெளி படப்பிடிப்புத் தளமாகவும், வீட்டின் அறைகள் ஒப்பனைக்கும் உடை வைக்கவும் பயன்படத் தோதாகவும் இருந்தன. நாடகக் கொட்டகைகள் நிறைந்த வால்டாக்ஸ் சாலை பக்கத்திலேயே இருந்தது. வெளிநாட்டுப் படச்சுருளும் கருவிகளும் வந்திறங்கிய துறைமுகமும், அவற்றை வெளியூர்களுக்குக் கொண்டுசென்ற சென்ட்ரல் ரயில் நிலையமும் அதிகத் தொலைவில் இல்லை. இந்த அண்மையை யாராவது திட்டமிட்டுத் தேர்ந்தார்களா, தானாக அமைந்ததா என்று பிரித்துச் சொல்வது கடினம். எனினும் ஊமைப்படத் தொழில் நகரின் தென்மேற்கே போகாமல் இந்தப் பக்கமே வேர்விட்டதற்கு இவை காரணமாக இருந்திருக்கும் என்பது என் கணிப்பு.

இங்கே எடுக்கப்பட்ட முதல் படம் 'கீசக வதம்'. மகாபாரதத்தில், விராட நாட்டில் மறைந்து வாழும் திரௌபதியிடம் தகாத முறையில் நடக்கும் கீசகனைப் பீமன் கொல்லும் கதை. நாடகத்துறையின் மூத்தவரான பம்மல் சம்பந்த முதலியாரின் ஆலோசனையும், அவருடைய சுகுண விலாச சபையில் பெண் வேடத்துக்குப் பெயர்பெற்ற வழக்கறிஞர் ரங்கவடிவேலுவின் உதவியும் நடராஜ முதலியாருக்குக் கிடைத்தன. தெரிந்த கதையைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு தொழில் நுணுக்கம் இருக்கிறது. பாத்திரங்கள் வாய் திறந்து தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ள முடியாத படத்தில், கதையை ஏற்கெனவே அறிந்த பார்வையாளர்தான் இயக்குநருக்குப் பாதி வேலையைச் செய்து கொடுக்கிறார். திரையில் கதாயுதத்தோடு ஒருவர் தோன்றினால் அவர் பீமன் என்று தெருக்கூத்து பார்த்து வளர்ந்த எவரும் சொல்லிவிடுவார். ஊமைப்படத்தின் தொடக்க ஆண்டுகளில் புராணக் கதைகளே மிகுந்திருந்ததற்குப் பக்தி ஒரு காரணம் என்றால், இந்த வசதி மற்றொரு காரணம்.

அந்தப் படத்துக்குச் சுமார் 35 நாள் படப்பிடிப்பும் 35,000 ரூபாய் செலவும் ஆயின. வசூல் 50,000 ரூபாய் அளவுக்கு வந்தது. நீளம் ஏறத்தாழ 6,000 அடி என்று பதிவாகியிருக்கிறது. இன்றைய வாசகருக்குப் படத்தின் நீளத்தை அடிக்கணக்கில் சொன்னால் புரியாது என்பதால், இந்தக் கணக்கைச் சற்று நின்று பார்க்கலாம். 35 மி.மீ. படச்சுருளின் ஒரு அடியில் 16 சட்டகங்கள் இருக்கும். சட்டகம் என்பது ஒரு தனி அசையாப் படம். ஊமைப்படக் காலத்தில் விநாடிக்கு ஏறக்குறைய 16 சட்டகங்கள் பதிவு செய்வது வழக்கம். அதாவது விநாடிக்கு ஓர் அடி. 6,000 அடி என்றால் 6,000 விநாடி, 100 நிமிடம். இந்த வேகத்தைக் காத்தது மோட்டார் அன்று, மனிதக் கை. கேமராவின் பக்கவாட்டில் உள்ள கைப்பிடியை ஒரு முறை சுற்றினால் 8 சட்டகங்கள் நகரும். எனவே விநாடிக்கு இரண்டு சுற்று, சீராக, நிறுத்தாமல் சுற்ற வேண்டும். சுற்றும் கை தளர்ந்தால் திரையில் மனிதர்கள் ஓடுவார்கள். கை வேகமெடுத்தால் அவர்கள் தண்ணீருக்குள் நடப்பவர்களைப் போல் மெதுவாக அசைவார்கள். பழைய ஊமைப்படங்களில் எல்லோரும் விசுக்விசுக்கென்று நடப்பதாக நமக்கொரு நினைப்பு இருக்கிறது. அதில் பெரும்பங்கு அக்காலத்தவரின் பிழையன்று. 16 சட்டக வேகத்தில் எடுத்ததை, விநாடிக்கு 24 சட்டகங்கள் ஓடும் பிற்காலப் பொறிகளில் நாம் ஓட்டிப் பார்த்ததன் விளைவு.

வெளிச்சத்தைப் பற்றிச் சொல்லும்போது நிறத்தையும் சொல்ல வேண்டும். கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறத்துக்கு என்ன வேலை என்று எண்ணிவிடக் கூடாது. அக்காலப் படச்சுருள் நீலத்தை மிக நன்றாக உணரும். சிவப்பை உணரவே உணராது. அதனால் நீலம் திரையில் வெளுத்துப் போகும், மஞ்சள் மங்கும், சிவப்போ கறுப்பாகிவிடும். குங்குமப் பொட்டு மைப்பொட்டாகத் தெரியும். வெற்றிலை போட்ட வாய் கரி பூசியதைப் போலாகும். நீல வண்ணம் பூசி நிறுத்திய கண்ணன் வெளிறிப் போய் நிற்பான். மேடை விளக்கில் அழகாகத் தோன்றிய அரிதார ஒப்பனையும் சிவப்புச் சாயமும் கேமராவுக்கு முன்னால் துரோகம் செய்யக்கூடியவை. எனவே ஒப்பனைக்காரரும் உடை தேர்பவரும், கண் பார்ப்பதை நம்பாமல் படச்சுருள் பார்ப்பதை நம்பப் பழக வேண்டியிருந்தது. அனைத்து நிறங்களையும் ஓரளவு சரியாக உணரும் படச்சுருள் 1920களின் பிற்பகுதியில்தான் உலகெங்கும் பரவலாயிற்று.

எடுத்த சுருளைக் கழுவுவது அடுத்த கட்டம். கழுவுதல் என்பது ஒளி பட்ட சுருளை வேதிக் கரைசலில் தோய்த்துப் படத்தை வெளிக்கொணரும் வேலைக்குத் தொழிலில் வழங்கிய, இன்றும் வழங்கும் சொல். சுருளின் மேல் உள்ள உணர்பூச்சு ஜெலட்டினால் ஆனது; வெதுவெதுப்பான நீர் பட்டால் ஜெலட்டின் இளகிவிடும். சித்திரை மாதத்தில் சென்னைக் குழாயில் வரும் நீரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இந்த ஆபத்தின் அளவு தெரியும். கரைசல் சூடாகிவிட்டால் 10 நாள் உழைப்பு பாத்திரத்தின் அடியில் கூழாகத் தங்கிவிடும். அதனால் நடராஜ முதலியார் தம் ஆய்வகத்தைக் குளிர்ச்சியான பெங்களூரில் வைத்தார். மில்லர்ஸ் சாலையில் எடுக்கப்பட்ட சுருள் ரயிலேறிப் பெங்களூர் போய்க் கழுவப்பட்டால்தான், எடுத்தது பதிந்ததா இல்லையா என்பதே தெரியவரும். இன்று எடுத்த காட்சியை அடுத்த நிமிடமே சிறு திரையில் பார்த்துத் திருத்திக்கொள்ளும் தலைமுறைக்கு, அந்த இடைப்பட்ட நாட்களில் படமெடுத்தவரின் மனநிலை எப்படி இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்ப்பதே ஒரு பாடம்தான்.

தந்திரக் காட்சிகளும் இந்தச் சுருளையும் கேமராவையும் கொண்டே செய்யப்பட்டன. கேமராவை நிறுத்திவிட்டு நடிகரை அரங்கத்தைவிட்டு அகற்றி மீண்டும் சுற்றினால், அவர் மாயமாய் மறைந்ததாகத் திரையில் தோன்றும். பதிவான சுருளைக் கேமராவுக்குள்ளேயே பின்னோக்கிச் சுற்றி அதன் மேல் இன்னொரு முறை பதிவு செய்தால், ஆவியும் அசரீரியும் ஊடுருவித் தெரியும். புராணப் படம் எடுத்த ஸ்டுடியோக்களுக்கு இவை அன்றாடத் தேவை.

இப்போது எழுத்து அட்டைகளுக்கு வருவோம். இந்தப் பகுதியைப் பலரும் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள், ஆனால் ஊமைப்பட ஸ்டுடியோவின் தனித்தன்மை இதில்தான் அதிகம் வெளிப்படுகிறது. பாத்திரங்களின் பேச்சையும் கதைத் தொடர்பையும் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்துகளால் எழுதி, அதைப் படம்பிடித்துக் காட்சிகளுக்கு இடையே ஒட்டுவார்கள். எழுதுபவர், ஓவியர், ஒளிப்பதிவாளர் மூவரும் சேர்ந்து செய்யும் வேலை அது. மில்லர்ஸ் சாலை ஸ்டுடியோவின் படத்துக்குத் தமிழ், ஆங்கிலம், இந்தி ஆகிய மொழிகளில் அட்டைகள் எழுதப்பட்டன. இந்தி வாசகங்களை எழுதித் தந்தவர் காந்தியடிகளின் மகன் தேவதாஸ் காந்தி. மொழி அட்டையில் மட்டும் இருந்ததால், அட்டையை மாற்றினால் படம் எந்த ஊருக்கும் போகும். பர்மாவும் இலங்கையும் சிங்கப்பூரும் சென்னை ஸ்டுடியோவின் சந்தையாக இருந்ததற்கு அங்கு வாழ்ந்த தமிழர் மட்டும் காரணமல்லர். படத்துக்கு வாயில்லை என்பதும் காரணம். அப்படியானால் 'கீசக வதம்' தமிழ்ப்படமா என்று கேட்பவர்கள் உண்டு. சென்னையில் எடுத்த படம் என்பதே அதற்குச் சரியான பெயர் என்று எனக்குத் தோன்றுகிறது. தமிழ்ப்படம், தெலுங்குப்படம் என்ற பிரிவே ஒலி வந்த பிறகு பிறந்தது.

அட்டையில் எழுதியிருந்தாலும் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் கொட்டகையில் குறைவு. எனவே திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டு அட்டைகளை உரக்கப் படித்தும், கதையை விளக்கியும், இடையிடையே தம் சொந்த நையாண்டியைச் சேர்த்தும் காட்சியை நடத்துவார். ஆர்மோனியமும் தபலாவும் உடன் ஒலிக்கும். ஊமைப்படக் கொட்டகையில் மௌனம் நிலவியதென்று எண்ணுவது பெரிய தவறு. திரைதான் ஊமை, கொட்டகை அப்படியன்று.

வாயில்லாமை இன்னொரு சிக்கலையும் தீர்த்து வைத்தது. குடும்பப் பெண்கள் கேமரா முன் நிற்பது அக்காலத்தில் நினைத்துப் பார்க்கவும் முடியாததாக இருந்தது. பெண் வேடத்தை ஆண்கள் ஏற்பது மேடையில் செல்லுபடியானாலும், முகத்தை அருகிருந்து காட்டும் படத்தில் அவ்வளவாக எடுபடவில்லை. எனவே சென்னையின் ஸ்டுடியோக்கள் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பெண்களை நாயகியராக்கின. தமிழோ தெலுங்கோ ஒரு சொல்கூடத் தெரியாத ஒருவர் கங்காதேவியாக நடிக்க முடிந்தது அதனால்தான். 1921ஆம் ஆண்டு வெளிவந்த 'பீஷ்ம பிரதிக்ஞை' படத்தில் கங்கையாக நடித்தவர் பெக்கி காஸ்டெல்லோ.

அந்தப் படம் நம்மை இரண்டாவது ஸ்டுடியோவுக்கு அழைத்துச் செல்கிறது. ரகுபதி வெங்கையா மசூலிப்பட்டினத்தில் 1869ஆம் ஆண்டு பிறந்து, சென்னையில் புகைப்படத் தொழில் செய்தவர். இசைத்தட்டோடு இணைத்துச் சிறு படங்களைக் காட்டும் குரோனோமெகாபோன் என்ற பொறியை வரவழைத்து, ஊர் ஊராக, இலங்கை பர்மா வரை, கொண்டு சென்று காட்டினார். பிறகு சென்னையில் மூன்று திரையரங்குகளைக் கட்டினார்: மவுண்ட் ரோடு அருகே கெயிட்டி, மின்ட் தெருவில் கிரவுன், புரசைவாக்கத்தில் குளோப். பின்னாளில் ராக்ஸி என்று பெயர் மாறிய அந்தக் குளோப் அரங்கை வட சென்னையின் மூத்தவர்கள் இன்றும் நினைவு வைத்திருக்கிறார்கள். மூன்றில் இரண்டு அரங்குகள் நகரின் வடபாதியில் இருந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். மின்ட் தெருவிலும் சௌகார்பேட்டையிலும் வாணிகத்துக்காகக் கூடிய கூட்டமும், பக்கத்தில் துறைமுகத்திலும் ரயில்வேயிலும் ஆலைகளிலும் மாதச் சம்பளம் வாங்கிய கூட்டமும், காசு கொடுத்துப் படம் பார்க்கும் புதிய பழக்கத்துக்கு முதலில் ஆட்பட்டன.

வெங்கையா தம் மகன் சூர்யப்பிரகாஷை வெளிநாட்டுக்கு அனுப்பிப் படத்தொழிலைக் கற்றுவரச் செய்தார். திரும்பிவந்த பிரகாஷும் தந்தையும் சேர்ந்து 'ஸ்டார் ஆஃப் தி ஈஸ்ட்' என்ற நிறுவனத்தைத் தொடங்கி, புரசைவாக்கத்தில் கண்ணாடி ஸ்டுடியோ ஒன்றை அமைத்தார்கள். துணிப் பந்தலுக்கும் கண்ணாடிக் கூடத்துக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே சொல்லிவிடலாம். துணி வெயிலைச் சிதறடிக்கும். ஆனால் காற்றைத் தடுக்காது, மழைக்கு நனைந்து தொய்ந்துவிடும். உள்ளே மன்னனின் மாளிகை என்று நிறுத்திய சீலைச்சுவர் கடற்காற்றில் அலையாகப் புரண்டால் பார்ப்பவர் சிரிப்பார். கண்ணாடி காற்றையும் மழையையும் தடுத்து, வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடுகிறது. தேவைப்படும் இடத்தில் அதன் கீழே திரைகளை இழுத்தும் விலக்கியும் வெளிச்சத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்திலும் படப்பிடிப்பு தடையின்றி நடக்க வழி உண்டாகிறது. விலையாகக் கொடுக்க வேண்டியது வெக்கை. கண்ணாடிக் கூரையின் கீழே, பட்டாடையும் அட்டைக் கிரீடமும் ஒட்டுத் தாடியுமாக நிற்கும் ஒருவரின் நிலையை, கத்திரி வெயிலில் தகரக் கூரை வீட்டில் மதியத்தைக் கழித்தவர்கள் எளிதில் ஊகிக்கலாம்.

தந்தையும் மகனும் செய்ததில் மற்றொரு புதுமை, படம் எடுக்கும் இடமும் அதைக் காட்டும் இடமும் ஒரே குடும்பத்தின் கையில் இருந்தது. கொட்டகையில் மக்கள் எந்தக் காட்சியில் விசிலடிக்கிறார்கள், எந்தக் காட்சியில் எழுந்து போகிறார்கள் என்பது, சில தெருக்கள் தள்ளி அடுத்த படத்தைத் திட்டமிடுபவருக்கு அன்றிரவே தெரிந்துவிடும்.

1929ஆம் ஆண்டு ஏ. நாராயணன் தொடங்கிய ஜெனரல் பிக்சர்ஸ் கார்ப்பரேஷன் இந்த வரிசையில் அடுத்தது. ஆண்டுக்குப் பல படங்கள் என்ற ஒழுங்கான உற்பத்தி முறையை அது கொண்டுவந்தது. பின்னாளில் பேசும் படங்களில் பெயரெடுத்த பலர் அங்கே தொழில் பழகினர். ஆர். பத்மநாபனின் அசோசியேட்டட் பிலிம்ஸும் அதே காலத்தது. ஊமைப்படங்கள் சமூகக் கதைகளின் பக்கம் திரும்பத் தொடங்கியது இந்தச் சில ஆண்டுகளில்தான்.

இத்தனை படங்கள் எடுக்கப்பட்டும் ஒன்றையாவது இன்று பார்க்க முடியுமா என்று கேட்டால், பதில் வருத்தத்துக்குரியது. சென்னையில் எடுக்கப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட ஊமைக் கதைப்படங்களில், நடராஜ முதலியாரின் படங்கள் உட்பட, கைக்கு எட்டுவது எதுவுமில்லை. தென்னிந்திய ஊமைப்படங்களில் ஏறக்குறைய முழுமையாகத் தப்பிப் பிழைத்ததாக அறியப்படுவது, திருவிதாங்கூரைச் சேர்ந்த 'மார்த்தாண்ட வர்மா' என்ற 1933ஆம் ஆண்டுப் படம் மட்டுமே. காரணம் படச்சுருளின் வேதியியலில் இருக்கிறது. நைட்ரேட் சுருள் எனப்படும் அது வெடிமருந்துக்கு நெருங்கிய உறவு, எளிதில் தீப்பற்றும், பற்றிய பிறகு தண்ணீர் ஊற்றினாலும் அணையாது, ஏனெனில் எரிவதற்கான ஆக்சிஜனை அதுவே வெளியிட்டுக்கொள்கிறது. தீப்பற்றாமல் தப்பினாலும், வெப்பமும் ஈரப்பதமும் நிறைந்த கடலோர ஊரில், பெட்டிக்குள் இருந்தபடியே பிசுபிசுத்துப் பொடியாகிவிடும். போதாக்குறைக்கு, ஓடி முடிந்த படத்தின் சுருளில் உள்ள வெள்ளியைப் பிரித்தெடுத்து விற்பதும் உலகெங்கும் வழக்கமாக இருந்தது. 1918ஆம் ஆண்டின் இந்திய சினிமாட்டோகிராஃப் சட்டம் தணிக்கைக்காக மட்டும் வந்ததென்று பலர் எண்ணுகிறார்கள். அரங்குகளுக்கு உரிமம் வழங்குவதில் தீப் பாதுகாப்பும் அதன் முதன்மையான அக்கறையாக இருந்தது.

மில்லர்ஸ் சாலை ஸ்டுடியோவையும் தீதான் முடித்து வைத்தது. தீவிபத்தும், அதே காலத்தில் மகனை இழந்த துயரமும் சேர்ந்து நடராஜ முதலியாரை 1923ஆம் ஆண்டு தொழிலிலிருந்து விலகச் செய்தன. அதன் பிறகும் அவர் நெடுங்காலம் வாழ்ந்தார். தாம் தொடங்கிய தொழில் பேசவும், பாடவும், வண்ணம் பூணவும் கண்டார். ஆனால் மீண்டும் படமெடுக்க வரவில்லை.

ஒலி வந்தபோது மற்ற ஸ்டுடியோக்களுக்கும் முடிவு வந்தது. 1931ஆம் ஆண்டு அக்டோபர் 31 அன்று வெளியான, தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' சென்னையில் திரையிடப்பட்டது யானைகவுனிப் பக்கத்தில் இருந்த கினிமா சென்ட்ரல் அரங்கில்; பின்னாளில் முருகன் டாக்கீஸ் என்று அறியப்பட்டது அதுவே. ஆனால் திரையிட்ட இடம் வட சென்னையாக இருந்தாலும், அதை எடுத்த இடம் பம்பாய். வெளிச்சத்தை நோக்கிக் கட்டப்பட்ட சென்னை ஸ்டுடியோக்கள் ஒலிக்கு முற்றிலும் பொருந்தாதவையாக இருந்தன. துணிக்கூரை தெருவின் ஓசை அனைத்தையும் உள்ளே விட்டது. கண்ணாடியோ உள்ளே எழும் ஒவ்வொரு ஒலியையும் எதிரொலித்தது. கதவை மூடி, சன்னலை அடைத்து, சுவருக்கு மெத்தை போட்டால் சத்தம் அடங்கும். ஆனால் வெளிச்சம் போய்விடும். வெளிச்சம் போனால் மின்விளக்கு வேண்டும். அதற்கு மின்சாரமும் முதலும் வேண்டும். அதனால் சில ஆண்டுகள் தமிழ்ப் பேசும் படங்கள் பம்பாயிலும் கல்கத்தாவிலும் எடுக்கப்பட்டன. 1934ஆம் ஆண்டுதான், ஊமைப்படங்களில் கைதேர்ந்த அதே நாராயணன், ஸ்ரீனிவாசா சினிடோன் என்ற ஒலிப்பட ஸ்டுடியோவைச் சென்னையில் தொடங்கினார். அங்கே ஒலிப்பதிவை ஏற்றுச் செய்தவர் அவருடைய மனைவி மீனாட்சி.

தொடக்கத்தில் ஒலிப்படங்களையும் பகல் வெளிச்சத்தில் எடுக்க வேண்டிய நிலை சில இடங்களில் நீடித்தது. அப்போது புதிதாக ஒரு பகை முளைத்தது: காக்கை. நாயகி உருக்கமாகப் பேசும் நேரம் பார்த்து மரக்கிளையிலிருந்து அது கரையும். ஒலிவாங்கி அதையும் சேர்த்துப் பதிவு செய்யும். காக்கைகளை விரட்டுவதற்கென்றே ஸ்டுடியோக்களில் ஆள் வைத்திருந்ததாக அக்காலத்தை அறிந்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். புரசைவாக்கத்துக் கண்ணாடிக் கூரையின் மேல் அவை எத்தனை இருந்து கரைந்தாலும், அதுவரை யாருக்கும் அது ஒரு பொருட்டாக இருந்ததில்லை.